வேர்ல்டு ரேங்க் பார்த்து எம்.எஸ். இடம் தேர்ந்தெடுக்கலாமா? ஐஐஎஸ்சி ஒரே ஆண்டில் 70 இடம் இறங்கியது எப்படி?

கேட்டவர்: நொய்யல்

அண்ணன் மகள் கணினி அறிவியலில் பி.இ. இறுதியாண்டு. வெளிநாட்டில் எம்.எஸ். சேர இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். வீட்டில் யாரிடம் எந்தப் பெயரைச் சொன்னாலும் முதல் கேள்வி "வேர்ல்டு ரேங்க் எத்தனை?" என்பதுதான். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதே என் கேள்வி.

நமக்குத் தெரிந்த இடங்களை வைத்துப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. க்யூஎஸ் என்ற பிரிட்டன் நிறுவனம் போடும் உலகப் பல்கலைக்கழகப் பட்டியலின் 2023 பதிப்பில் பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) 155ஆம் இடம். 2024 பதிப்பில் 225. ஐஐடி மெட்ராஸ் அதே 2023-லிருந்து வரிசையாக 250, 285, 227, 180. அண்ணா பல்கலைக்கழகம் 2024-ல் 427, அடுத்த ஆண்டு 383, அதற்கடுத்து 465. இதற்கிடையில் கிண்டியில் பாடத்திட்டமோ ஆசிரியர்களோ தலைகீழாக மாறிவிடவில்லை. பிறகு எது ஏறி எது இறங்கியது?

இன்னொன்று. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் (எல்எஸ்இ) க்யூஎஸ் 2025 பதிப்பில் 50ஆம் இடம். சீனாவிலிருந்து வரும் ஷாங்காய் பட்டியலில் முதல் 100-க்குள்ளேயே இல்லை. இரண்டில் எது சரி?

ரேங்கை விட்டுவிட்டால் வேறு எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எடைக்கல்

ஐஐஎஸ்சி கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். அது புரிந்தால் மற்றவை தானாகப் புரியும்.

க்யூஎஸ் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சில தலைப்புகளில் 100-க்கு மதிப்பெண் போடுகிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு எடை. 2023 பதிப்பு வரை அந்த எடைகள் இப்படி இருந்தன: கல்வியாளர்களிடம் உள்ள நற்பெயர் 40 விழுக்காடு, வேலை கொடுப்பவர்களிடம் உள்ள நற்பெயர் 10, ஆசிரியர்-மாணவர் விகிதம் 20, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மேற்கோள் (அவர்கள் கட்டுரைகளைப் பிற ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன) என்பது 20, வெளிநாட்டு ஆசிரியர் 5, வெளிநாட்டு மாணவர் 5.

2024 பதிப்பில் இதை மாற்றினார்கள். கல்வியாளர் நற்பெயர் 30 ஆனது, வேலை கொடுப்பவர் நற்பெயர் 15 ஆனது, ஆசிரியர்-மாணவர் விகிதம் 20-லிருந்து 10-க்குப் பாதியாக இறங்கியது. மேற்கோளும் வெளிநாட்டு எண்ணிக்கைகளும் அப்படியே இருந்தன. புதிதாகச் சேர்ந்தவை மூன்று: பன்னாட்டு ஆய்வுத் தொடர்பு, பட்டதாரிகளின் வேலைநிலை, நீடித்த வளர்ச்சி. தலைக்கு 5 விழுக்காடு.

இந்த மாற்றம் என்ன செய்யும் என்பதைக் கற்பனையாக இரண்டு கல்லூரிகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 'அ' ஓர் ஆய்வு நிறுவனம். கல்வியாளர் நற்பெயர் 35, வேலை கொடுப்பவர் நற்பெயர் 50, ஆசிரியர்-மாணவர் விகிதம் 60, மேற்கோள் 99, வெளிநாட்டார் இரண்டிலும் தலா 2. 'ஆ' ஒரு பெரிய நகரப் பல்கலைக்கழகம். அதே வரிசையில் 35, 80, 30, 60, பிறகு தலா 5. பழைய எடையில் 'அ'வுக்கு 51.0 வரும், 'ஆ'வுக்கு 40.5 வரும். பத்தரை மதிப்பெண் வித்தியாசம்.

இப்போது புதிய எடை. புதிய மூன்று தலைப்புகளில் 'அ' 40, 40, 30 வாங்குகிறது. 'ஆ' 70, 80, 80 வாங்குகிறது என்று வையுங்கள். கூட்டினால் 'அ' 49.5, 'ஆ'வும் 49.5. இரண்டும் ஒரே இடம். எந்த வகுப்பறையிலும் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

ஐஐஎஸ்சி ஏறக்குறைய இந்த 'அ' போன்றது. ஓர் ஆசிரியருக்கான மேற்கோளில் 2022 பதிப்பில் அது உலகிலேயே முதலிடம், 100-க்கு 100. ஆய்வு மாணவர்கள் நிறைந்த சிறிய நிறுவனம். 1909-ல் தொடங்கிய நிறுவனம் இளநிலைப் படிப்பை ஆரம்பித்ததே 2011-ல்தான். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பட்டதாரிகளைக் கம்பெனிகளுக்கு அனுப்பும் இடம் இல்லை என்பதால் மனிதவள அதிகாரிகளிடம் பெயர் பரவ வழியும் குறைவு. ஆசிரியர்-மாணவர் விகிதத்தின் எடை பாதியானது, பலவீனமான பக்கத்தில் எடை கூடியது. இறங்கிவிட்டது.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். மெல்போர்ன் 33-லிருந்து 14, சிட்னி 41-லிருந்து 19, நியூ சவுத் வேல்ஸ் 45-லிருந்து 19. அமெரிக்காவின் பெர்க்லி 27-லிருந்து 10. இவை மாணவர் கூட்டம் மிகுந்த பெரிய பல்கலைக்கழகங்கள். ஆசிரியர்-மாணவர் விகிதம்தான் இவற்றைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாரம் பாதி குறைந்ததும் மேலே வந்துவிட்டன. பன்னிரண்டு மாதத்தில் ஒரு நாட்டின் உயர்கல்வியே உயர்ந்துவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது.

எடை மாறாத ஆண்டுகளிலும் ஏன் ஆடுகிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். பட்டியலின் நடுப்பகுதியில் மொத்த மதிப்பெண்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். 200-க்கும் 300-க்கும் நடுவே அடுத்தடுத்த இடங்களைப் பிரிப்பது பெரும்பாலும் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்தான். ஒரு தலைப்பில் நாலைந்து மதிப்பெண் கூடினாலே இருபது முப்பது இடம் தாண்டிவிடலாம். டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் (சுருக்கமாக டைம்ஸ்) என்ற இன்னொரு உலகப் பட்டியல் 200-க்குப் பிறகு தனி இடம் தராமல் 201–250, 251–300 என்று கட்டுகளாகத்தான் போடும். ஷாங்காய் 100-க்குப் பிறகே கட்டுக்குப் போய்விடும். அது நேர்மையான பழக்கம். க்யூஎஸ் பட்டியலில் 180, 227 என்று துல்லியமாகத் தெரியும் எண்களை நீங்களே மனத்தில் "150–250 கட்டு" என்று மாற்றிப் படியுங்கள்.

நற்பெயர்க் கணக்கெடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. க்யூஎஸ்ஸில் மொத்த எடையில் 45 விழுக்காடு இதில்தான் இருக்கிறது. டைம்ஸில் கற்பித்தல் நற்பெயர் 15, ஆய்வு நற்பெயர் 18, ஆக 33. க்யூஎஸ் முறையில், ஒரு பேராசிரியரிடம் அவர் துறையில் சிறந்தவை என்று உள்நாட்டில் 10 வரை, வெளிநாட்டில் 30 வரை பெயர் சொல்லச் சொல்வார்கள். தன் நிறுவனத்தைச் சொல்ல முடியாது. யோசித்துப் பாருங்கள்: தான் காலடி வைக்காத 30 பல்கலைக்கழகங்களில் பாடம் எப்படி நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கட்டுரைகளில் அடிக்கடி கண்ட பெயர், மாநாட்டில் கேட்ட பெயர், பழைய பட்டியலில் பார்த்த பெயர் என்று நினைவுக்கு வருவதைத்தான் எழுதுவார். பெரிய, பழைய, ஆங்கிலத்தில் எழுதும் பல்கலைக்கழகங்களுக்கு இது சாதகம். ஐந்தாண்டுப் பதில்களைச் சேர்த்துப் பார்ப்பதால், ஒரு துறை போன வருடம் சீரழிந்திருந்தாலும் இந்த எண்ணில் தெரிய நாளாகும்.

---

செங்காந்தள்

எல்எஸ்இ கேள்விக்கு என் பதில்: இரண்டு பட்டியலும் தாங்கள் எடுத்துக்கொண்ட கேள்விக்குச் சரியான விடை தருகின்றன. கேள்விகள்தான் வேறு.

ஷாங்காய் பட்டியல் 2003-ல் ஷாங்காய் ஜியாவோ தோங் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சீனப் பல்கலைக்கழகங்கள் உலகின் முன்னணி ஆய்வுப் பல்கலைக்கழகங்களை எட்ட எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அளப்பதுதான் நோக்கம். கருத்துக் கணிப்பு கிடையாது, கல்லூரியிடம் தகவல் கேட்பதும் அநேகமாக இல்லை. நோபல் பரிசோ கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ வாங்கிய பழைய மாணவர்களுக்கு 10 விழுக்காடு, பரிசு வாங்கிய ஆசிரியர்களுக்கு 20, அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களுக்கு 20, நேச்சர், சயன்ஸ் இதழ்க் கட்டுரைகளுக்கு 20, மொத்தக் கட்டுரை எண்ணிக்கைக்கு 20, இவற்றை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்த அளவுக்கு 10. கற்பித்தல் என்ற சொல்லே இதில் இல்லை.

எல்எஸ்இயில் இயற்பியல் இல்லை, மருத்துவம் இல்லை. நேச்சர், சயன்ஸ் கட்டுரை என்ற அளவை இத்தகைய நிறுவனங்களுக்கு விலக்கிவிட்டு எடையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்றாலும், ஆய்வகம் நிறைந்த பல்கலைக்கழகத்தின் கட்டுரை எண்ணிக்கையோடு போட்டி போட முடியாது. பொருளாதாரம் படிக்கப் போகிறவருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை.

நோபல் கணக்கின் விதியையும் பாருங்கள். பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் எங்கே வேலை பார்த்தாரோ அந்த இடத்துக்குத்தான் புள்ளி. சி.வி. ராமன் 1930-ல் பரிசு வாங்கியபோது கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஐஐஎஸ்சிக்கு இயக்குநராக வந்தது 1933-ல். அவர் ஐஐஎஸ்சியில் வளர்த்தெடுத்த இயற்பியலுக்கு இந்த அளவுகோலில் புள்ளி இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சந்திரசேகருக்கு 1983-ல் கிடைத்த பரிசு, ஆசிரியர் கணக்கில் சிகாகோவுக்குப் போகும். பரிசு பழசாக ஆகப் பத்தாண்டுக்குப் பத்து விழுக்காடு என்று மதிப்பையும் குறைக்கிறார்கள். இன்று வகுப்பில் உட்காரப் போகும் மாணவிக்கு இதில் எதுவும் பயன்படாது.

நாட்டுக்கு நாடு ஆய்வு நடக்கும் இடமும் வேறுபடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஜெர்மனியில் அடிப்படை ஆய்வின் கணிசமான பகுதி மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களில் நடக்கிறது. அவை பல்கலைக்கழகங்களுக்கு வெளியே தனி அமைப்பு. அங்கே வேலை பார்ப்பவர் வாங்கும் நோபல் பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குச் சேராது. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பட்டியலில் கீழே தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். பிரான்சிலும் நெடுங்காலம் இதே கதைதான். சிறு சிறு உயர் கல்விக்கூடங்களாகச் சிதறிக் கிடந்தன. பலவற்றை ஒன்று சேர்த்து 2019-ல் பாரிஸ்-சக்ளே பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். 2020 ஷாங்காய் பட்டியலில் அது நேராக 14ஆம் இடத்தில் நுழைந்தது. ஆய்வகங்கள் பழையவை, ஆட்கள் பழையவர்கள். பெயர்ப்பலகை ஒன்றானது, அவ்வளவுதான்.

எதிர்த் திசையிலும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் (யூசிஎஸ்எஃப்) உலகின் தலைசிறந்த மருத்துவ ஆய்வு மையங்களில் ஒன்று. டைம்ஸ் உலகப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. இளநிலை வகுப்பு நடத்தாத நிறுவனங்களை அவர்கள் சேர்ப்பதில்லை.

---

தராசுமுள்

மேலே இருவரும் கணக்கு முறையைச் சொன்னார்கள். உள்ளே போகும் எண்களின் நம்பகத்தன்மை தனிப் பிரச்சினை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பிரச்சினை.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்தது. அது அமெரிக்க உள்நாட்டுப் பட்டியலான யுஎஸ் நியூஸ் சம்பந்தப்பட்டது என்றாலும் பாடம் எல்லாப் பட்டியலுக்கும் பொருந்தும். கொலம்பியா அதில் 2ஆம் இடத்தில் இருந்தது. 2022 பிப்ரவரியில் அதே பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தேடியஸ், நிர்வாகம் அனுப்பிய எண்களைப் பொதுவில் கிடைக்கும் வகுப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு வெளியிட்டார். 20 பேருக்கும் குறைவான வகுப்புகள் 82.5 விழுக்காடு என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அவர் கணக்கில் அது அறுபதுகளில்தான் வந்தது. பிறகு பல்கலைக்கழகமே மறுபடி எண்ணி 57.2 என்று வெளியிட்டது. கற்பித்தலுக்குச் செலவு 310 கோடி டாலர் என்று காட்டிய கணக்கில் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆகும் செலவும் சேர்ந்திருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். அந்த ஆண்டு செப்டம்பரில் இடம் 18 ஆனது.

கவனியுங்கள், இதைக் கண்டுபிடித்தது பட்டியல் போட்டவர்கள் இல்லை. உள்ளே இருந்த ஒருவர் வேலை மெனக்கெட்டு எண்ணியதால் வெளியே வந்தது. ஆசிரியர்-மாணவர் விகிதமும் இதே வகைதான். பகுதிநேர ஆசிரியர், பாடமே எடுக்காத ஆய்வாளர், மருத்துவமனை டாக்டர் ஆகியோரைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி எண்ணுவார்கள். இந்த விகிதம் நன்றாக இருப்பதால் வகுப்பு சிறியது என்று அர்த்தமாகாது. பேராசிரியர் ஆய்வகத்திலேயே இருந்து, முதலாண்டுப் பாடத்தை 300 பேர் அரங்கில் நடத்தினாலும் விகிதம் அழகாகத்தான் தெரியும்.

மேற்கோள் எண்ணும் வளைக்கக்கூடியதே. 2010-ல் டைம்ஸ் பட்டியலில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா பல்கலைக்கழகம் ஆய்வுத் தாக்கத்தில் உலகிலேயே 4ஆவதாக வந்தது. தோண்டிப் பார்த்தால், ஒரே ஆள் தானே ஆசிரியராக இருந்த ஆய்விதழில் எழுதிக் குவித்த கட்டுரைகள் அந்த எண்ணை ஏற்றியிருந்தன. கட்டுரை எண்ணிக்கை குறைவாக உள்ள நிறுவனத்தில் சராசரி இப்படித்தான் தாவும். ஆயிரக்கணக்கானோர் கூட்டாக எழுதும் துகள் இயற்பியல் கட்டுரையிலோ உலக நோய்ச்சுமைக் கட்டுரையிலோ உங்கள் ஆள் ஒருவர் இருந்தாலே போதும். டைம்ஸ் 2020 பதிப்பில், 2008-ல் தொடங்கிய ஐஐடி ரோபரும் ஐஐஎஸ்சியும் ஒரே 301–350 கட்டில் நின்றன. அப்போது மேற்கோளுக்கு 30 விழுக்காடு எடை. 2024 பதிப்பிலிருந்து அந்தச் சராசரிக்கு 15 மட்டும் வைத்து, மீதி 15-ஐ மூன்றாகப் பிரித்து, ஓரிரு கட்டுரைகளால் தாவாத அளவைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தப்பைத் திருத்தினார்கள், சரிதான். ஆனால் இடையில் அந்த எண்ணைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் சேர்ந்ததுதான்.

இன்னொரு வழி, பெயரை வாங்குவது. அதிகம் மேற்கோள் காட்டப்படும் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் முகவரியையும் போடச் சொல்லும் வழக்கம் சவுதி அரேபியாவில் இருப்பதை 2011-லேயே சயன்ஸ் இதழ் எழுதியது. 2023-ல் ஸ்பெயினின் கொர்தோபா பல்கலைக்கழகம், தன் முழுநேர வேதியியல் ஆய்வாளர் ஒருவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் முகவரியிலும் எழுதியதற்காக 13 ஆண்டு சம்பளமில்லா இடைநீக்கம் செய்தது.

பட்டியல் போடும் நிறுவனங்களே பல்கலைக்கழகங்களுக்கு ஆலோசனையும் விளம்பரமும் விற்கின்றன. தேர்வுத்தாள் திருத்துபவரே டியூஷன் எடுப்பது போன்ற நிலை இது. இகோர் சிரிகோவ் என்ற ஆய்வாளர் 28 ரஷ்யப் பல்கலைக்கழகங்களை எடுத்துப் பார்த்து, க்யூஎஸ்ஸோடு அடிக்கடி ஒப்பந்தம் போட்டவை, மற்றபடி எதிர்பார்த்ததைவிட அதிகம் ஏறியிருந்ததை 2021-ல் காட்டினார்.

இதனால்தான் விலகுவோர் பட்டியலும் நீள்கிறது. மெட்ராஸ், பம்பாய், டெல்லி உட்பட ஏழு பழைய ஐஐடிகள் வெளிப்படைத்தன்மை போதாது என்று 2020-ல் டைம்ஸ் பட்டியலிலிருந்து ஒதுங்கின. நெதர்லாந்தின் உத்ரெக்ட் 2023-ல், சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகம் 2024-ல். ஒரு பட்டியலில் ஒரு பெயர் காணவில்லை என்றால் அது மட்டம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவர்கள் தகவல் அனுப்பினார்களா என்று பாருங்கள்.

---

மரக்காணம்

மூவரும் சொன்னது சரி. ஆனாலும் ரேங்கை ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தரத்தை அளக்கிறதோ இல்லையோ, சில கதவுகளுக்குச் சாவி அதுதான்.

மத்திய அரசின் சமூக நீதி அமைச்சகம் தரும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு க்யூஎஸ் முதல் 500-க்குள் உள்ள இடத்தில் சேர்க்கை கிடைத்திருக்க வேண்டும். பிரிட்டனின் 'ஹை பொட்டன்ஷியல் இண்டிவிஜுவல்' விசா 2022 மே மாதம் தொடங்கியபோது டைம்ஸ், க்யூஎஸ், ஷாங்காய் மூன்றில் இரண்டிலாவது முதல் 50-க்குள் வந்த, பிரிட்டனுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களுக்கு மட்டும். வரம்பைப் பின்னால் விரிவாக்கினார்கள். இதில் பலர் கோட்டை விடுவது ஒன்று உண்டு: பட்டம் வாங்கிய ஆண்டின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் ஆண்டில் இருந்து பயனில்லை. நெதர்லாந்தில் வேலை தேட ஓராண்டு தங்கும் அனுமதிக்கும் முதல் 200 என்ற நிபந்தனை உண்டு. இந்தியாவில் வளாகம் திறக்க வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் 2023 யுஜிசி விதி முதல் 500 என்று கேட்கிறது.

ஆகவே உதவித்தொகையோ விசாவோ குறிப்பிட்ட எண்ணைக் கேட்டால் அந்த எண்ணைப் பாருங்கள். எல்லைக் கோட்டில் நிற்கும் இடமென்றால் எச்சரிக்கை தேவை. அண்ணா பல்கலைக்கழக எண்கள் ஆடிய ஆட்டத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 480ஆம் இடத்தில் உள்ளது அடுத்த ஆண்டு 520 ஆகலாம். எந்தத் தேதியின் பட்டியல் என்பதை அறிவிப்பிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

---

நொய்யல்

மிக்க நன்றி. ஐஐஎஸ்சி கணக்கை வீட்டில் காகிதத்தில் போட்டுக் காட்டினேன், எல்லோருக்கும் விளங்கியது.

பெண்ணுக்கு ஆர்வம் கணினி அமைப்புகளில். ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் மாதிரி. அமெரிக்கா, ஜெர்மனி, பிரிட்டன் மூன்றும் பட்டியலில் உள்ளன. எண்ணை விட்டுவிட்டு எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

---

எடைக்கல்

முதலில் பல்கலைக்கழகத்தை விட்டுத் துறைக்கு இறங்குங்கள். கணினித் துறைக்கு சிஎஸ்ரேங்கிங்ஸ் என்ற தளம் இருக்கிறது. மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பேராசிரியர் எமரி பெர்கர் நடத்துவது. கருத்துக் கணிப்பு இல்லை. தேர்ந்தெடுத்த முன்னணி மாநாடுகளில் அந்தத் துறை ஆசிரியர்கள் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணுகிறது. ஐந்து பேர் எழுதிய கட்டுரைக்கு ஒருவருக்கு ஐந்தில் ஒரு பங்கு. திறந்ததும் எல்லாப் பிரிவும் தேர்வாகியிருக்கும். செயற்கை நுண்ணறிவு, கோட்பாடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் இரண்டை மட்டும் வையுங்கள். வட அமெரிக்கா, ஐரோப்பா என்று பகுதியையும் மாற்றலாம். பட்டியல் தலைகீழாக மாறுவதைப் பார்ப்பீர்கள். பெயரைத் தட்டினால் ஆசிரியர்கள் பட்டியல் விரியும். அந்தப் பிரிவில் ஒரே ஒருவர்தான் எண்ணிக்கை முழுவதையும் தூக்கிப் பிடிக்கிறார் என்றால் அவர் விடுப்பில் போனால் ஒன்றுமில்லை. நான்கு பேராவது இருக்க வேண்டும்.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். இதுவும் ஆய்வைத்தான் அளக்கிறது. அதனால் அடுத்த படி கட்டாயம்: அந்தப் பேராசிரியர்கள் எம்.எஸ். மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்களா என்று பார்ப்பது. துறையின் பாடக் கையேட்டில் போட்டிருக்கும் பாடங்களை நம்பாதீர்கள். கையேட்டில் அறுபது பாடம் இருக்கும், பருவத்துக்குப் பத்துதான் நடக்கும். கடந்த நான்கு பருவங்களின் கால அட்டவணையைத் திறந்து, வேண்டிய பாடம் எத்தனை முறை நடந்தது, யார் நடத்தினார், எத்தனை இடம், எம்.எஸ். மாணவருக்கு இடம் கிடைத்ததா அல்லது பிஎச்.டி. மாணவருக்கு முன்னுரிமையா என்று குறித்துக்கொள்ளுங்கள். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த அட்டவணை யாரும் பார்க்கும்படி இருக்கும். ஒரு இடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். முழுப் பட்டியலுக்கும் செய்ய வேண்டாம், கடைசி ஐந்தாறுக்குச் செய்தால் போதும்.

அமெரிக்காவுக்கு இன்னும் இரண்டு. படிப்பு எந்தத் துறையைச் சேர்ந்தது என்று அமெரிக்க அரசு வகைப்படுத்தும் சிஐபி குறியீட்டை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கக் கிடைக்கும் 12 மாதத்தோடு இன்னும் 24 மாதம் நீட்டிக்க அந்தக் குறியீடு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்க வேண்டும். பெயரில் 'டெக்னாலஜி' இருப்பது போதாது. அடுத்து, அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் துறைவாரியாகச் சம்பளம் தெரியும். ஆனால் அது அமெரிக்க அரசின் கல்வி உதவி பெற்றவர்களின் கணக்கு. இந்தியாவிலிருந்து போகும் மாணவர் அந்த உதவி பெற முடியாது என்பதால் அந்த எண்ணில் நம்மவர்கள் இல்லை. இடங்களுக்கு இடையே ஒப்பிடப் பயன்படுத்துங்கள், "இவ்வளவு வரும்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

செங்காந்தள்

ஜெர்மனி, பிரிட்டன் பற்றி நான் சேர்க்கிறேன்.

ஜெர்மனியில் சிஎச்இ என்ற அமைப்பு துறைவாரியாக மதிப்பிடுகிறது. 1, 2, 3 என்று வரிசை போடாமல் மேல், நடு, கீழ் என்று மூன்று குழுவாகப் பிரிக்கிறது. மாணவர்கள் சொன்ன கருத்தும் அதில் சேர்கிறது. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும் விதிவிலக்கைப் பாருங்கள்: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் முதுநிலைக்குப் படிப்பைப் பொறுத்துப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. ரேங்கில் நூறு இடம் பின்னால் இருக்கும், கட்டணமில்லாத நல்ல துறை ஒன்றை இந்தத் தொகையோடு வைத்து ஒப்பிட வேண்டும்.

பிரிட்டனில் பட்டம் பெற்று 15 மாதம் கழித்து 'கிராஜுவேட் அவுட்கம்ஸ்' கணக்கெடுப்பு நடக்கும். மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பு தனி. ஆனால் அது இளநிலை இறுதியாண்டு மாணவர்களுடையது, முதுநிலைக்கு நேரே பொருத்தாதீர்கள். அங்கே முதுநிலை பெரும்பாலும் ஓராண்டு. சேர்ந்த சில மாதங்களிலேயே ஆய்வறிக்கைக்கு வழிகாட்டியை ஒதுக்கிவிடுவார்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர் என்று சேர்க்கைப் பிரிவிடம் கேளுங்கள். அதற்கு எண்ணில் பதில் வராத இடங்களைப் பட்டியலின் அடியில் வையுங்கள்.

---

தராசுமுள்

இந்தியாவையும் ஒரு மாற்றாக வைத்திருந்தால் மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்ஐஆர்எஃப் தளத்தைப் பயன்படுத்தும் முறை இது. ரேங்கைப் பார்க்காமல், ஒவ்வொரு நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்திலும் இருக்கும் தகவல் கோப்பைத் திறந்து பாருங்கள். முதலாண்டு சேர்ந்தவர், குறித்த காலத்தில் முடித்தவர், வேலை கிடைத்தவர், நடுமதிப்புச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர் என்று மூன்று ஆண்டுக் கணக்கு இருக்கும். அந்தச் சம்பளம் வேலை கிடைத்தவர்களுக்கு மட்டும் எடுத்த நடுமதிப்பு. ஆகவே வேலை கிடைத்தவரையும் மேற்படிப்புக்குப் போனவரையும் கூட்டி, முடித்தவர் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு சம்பளத்தைப் பாருங்கள். 200 பேர் முடித்து 60 பேருக்கு மட்டும் வேலை என்றால் அந்தச் சம்பளம் மீதி 140 பேரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கல்லூரி தானே கொடுக்கும் எண் என்பதால் மூன்று ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஆண்டில் 40 விழுக்காடு 85 ஆகியிருந்தால் துறைத்தலைவருக்கு எழுதி எந்தெந்தக் கம்பெனி, எத்தனை பேர் என்று கேளுங்கள்.

---

நொய்யல்

இருபத்திரண்டு இடம் இருந்த பட்டியலில் சிஎஸ்ரேங்கிங்ஸ் வழியாக ஏழுதான் மிஞ்சியது. அதில் இரண்டு, க்யூஎஸ் 300-க்கு வெளியே இருப்பதால் முன்பு நாங்கள் அடித்துவிட்டவை. ஏழுக்கும் கால அட்டவணை எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். ஒன்றில் நெட்வொர்க் பாடம் கடந்த நான்கு பருவத்தில் ஒரே முறைதான் நடந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டோம்.